கிலோமீட்டருக்கு 313 ரூபாய்

மளிகைக் கடையில் கடன் கணக்கு எழுதுவார்களே, அந்த மாதிரி நீள நோட்டு ஒன்றை என் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்காகவே வாங்கி வைத்திருந்தேன். 2019 ஜூலையில் வண்டி வீட்டுக்கு வந்த அன்று முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு 31,00,000 என்று எழுதினேன். கடைசி வரி 2025 ஜனவரியில் எழுதியது. இடையில் வண்டி ஓடிய தூரம் 11,400 கிலோமீட்டர். டாக்ஸி ஓட்டுகிறவர்கள் இதை இரண்டு மூன்று மாதத்தில் ஓட்டி முடித்துவிடுவார்கள்.

இரண்டே இருக்கை, ஜெர்மன் தயாரிப்பு, 2010 மாடல். கம்பெனி பெயர் வேண்டாம், நான் சொல்ல வருவது ஒரு கம்பெனியைப் பற்றி அல்ல. புதிதாக வந்தபோது இறக்குமதி வரி, சாலை வரி எல்லாம் சேர்த்து ஒரு கோடியைத் தாண்டிய வண்டி. ஒன்பது வருடம் கழித்து, சென்னையில் ஒருவரிடமிருந்து மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான விலையில் எனக்குக் கிடைத்தது. 31 லட்சம் கொடுத்ததால் அது 31 லட்ச ரூபாய் வண்டி என்று நம்பினேன். என் தப்பு அங்கேதான் தொடங்கியது. வாங்கவும் விற்கவும் மட்டும்தான் அது 31 லட்சம். டயர் கடையிலும் பிரேக் டிஸ்க் மாற்றும் இடத்திலும் ரேடியேட்டர் வரவழைக்கும்போதும் அது கடைசிவரை ஒரு கோடி ரூபாய் வண்டியாகவே இருந்தது. வண்டியின் விலை வருடத்துக்கு வருடம் இறங்கிக்கொண்டே வரும். ஸ்பேர் விலை ஏறிக்கொண்டே போகும். இந்த இரண்டு கோடும் எதிரெதிர் திசையில் போவதை யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. ‘பழசுதானே, பாதி விலைக்குக் கிடைக்குதே’ என்று கேட்கிற தம்பிகள் இப்போதும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்து வளர்ந்தவன். 16 வருடம் கப்பலில் இன்ஜினியர். 1998-இல் ஜெர்மனியின் ப்ரேமர்ஹாஃபன் துறைமுகத்தில், கார் ஏற்றும் கப்பலுக்குப் பக்கத்தில் எங்கள் கப்பல் கட்டியிருந்தது. வெள்ளை பிளாஸ்டிக் ஒட்டிய புத்தம்புது வண்டிகள் வரிசையாக ஏறின. அதில் தாழ்வாக, அகலமாக, பின்பக்கம் திரண்ட தோள் மாதிரி இருந்த ஒன்றைப் பார்த்தேன். 21 வருடம் அது மனதை விட்டுப் போகவில்லை. கப்பல் வேலையை விட்டு, புதுச்சேரி லாஸ்பேட்டையில் வீடு கட்டிக் குடியேறிய பிறகுதான் கையில் பணம் சேர்ந்தது. இன்ஜினைப் பற்றித் தெரிந்தவன் என்கிற தைரியமும் இருந்தது.

வண்டி வந்த மறுநாளே அம்மாவுக்குக் காட்ட மஞ்சக்குப்பம் ஓட்டிக்கொண்டு போனேன். அம்மா நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் ஏற்றி, இரண்டு சாவியையும் தட்டில் வைத்துப் பூஜை போட்டாள். பிறகு, ‘வா, சில்வர் பீச் வரைக்கும் ஒரு சுத்து போயிட்டு வரலாம்’ என்று கூப்பிட்டேன். இருக்கை தரையிலிருந்து ஒரு முழம்கூட இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை குனிந்து பார்த்தாள். முட்டி மடங்கவில்லை. ‘இந்த வயசுல குழியில எறங்கி ஏறச் சொல்றியேடா’ என்று திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுப் பத்திரம் எல்லாம் அம்மாவின் பீரோவில்தான் இருக்கும். இரண்டாவது சாவியையும் அவளிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்றைக்குத் திரும்பி வரும் வழியிலேயே நோட்டின் இரண்டாவது வரிக்கு வேலை வந்துவிட்டது. ஆல்பேட்டை, ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம். இந்தச் சாலையில் ஆயிரம் தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன், பைக்கில் போயிருக்கிறேன். வேகத்தடைகளை எண்ணிப் பார்த்ததே இல்லை. ஒரு வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று இந்திய சாலைகள் காங்கிரஸ் அளவு கொடுத்திருக்கிறது. அப்படிக் கட்டினால் எந்த வண்டியும் மெதுவாக ஏறி இறங்கிவிடும். உள்தெருக்களில் இருப்பது ஒரு சாண் உயரம், ஒரு கை அகலம், நட்டுவைத்த சுவர். அதைப் போட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகள் குறுக்கே ஓடுகிற தெருவில், யாருக்கோ அடிபட்ட பிறகு ராத்திரியோடு ராத்திரியாகச் சிமெண்ட் குழைத்துப் போட்டிருப்பார்கள். என் வண்டி அந்தத் தெருவுக்குச் செய்த வண்டி அல்ல, அவ்வளவுதான். சாய்வாக ஏற்றினாலும் அடி தட்டும். முன்பக்கத்து உதடு, அலாய் வீல், சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கை, அதன் ரப்பர் புஷ் என்று அந்தச் சாலை மட்டும் ஐந்து வருடத்தில் இரண்டே முக்கால் லட்சம் வாங்கியது. கடைசிவரை சீட்டுக்குப் பின்னால் இரண்டு மரப்பலகை வைத்திருந்தேன், உயரமான இடத்தில் ஏற்றுவதற்கு.

டயர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் உயிர் இருக்கிறது. வாங்கும்போது டயரில் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் மேடு, அருமையாக இருந்தது, பாதிகூடத் தேயவில்லை. அதைக் காட்டித்தான் விலையைப் பேசினார்கள். காற்று பிடிக்கப் போன இடத்தில் ஒரு சின்னப் பையன் உட்கார்ந்து டயரின் பக்கவாட்டைத் துணியால் துடைத்து, ‘சார், இத பாத்தீங்களா’ என்றான். நான்கு எண்கள், 1411. 2011-ஆம் வருடத்தின் 14-ஆவது வாரத்தில் செய்த டயர். எட்டு வருடப் பழசு. ஓடாத வண்டியில் பட்டன் தேயாது, ஆனால் ரப்பர் இறுகிக் கல்லாகிவிடும். பார்க்க முழுசாக இருக்கும், பிடிப்பு இருக்காது. 2013 நவம்பர் 30 அன்று கலிஃபோர்னியாவில் நடிகர் பால் வாக்கர் பயணம் செய்த போர்ஷே கரேரா ஜிடி மரத்தில் மோதி எரிந்தது. ஓட்டிய நண்பரும் அவரும் அங்கேயே இறந்தார்கள். 72 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாத சாலையில் 130-க்கும் 150-க்கும் நடுவே போயிருக்கிறார்கள் என்றது காவல்துறையின் விசாரணை. அதோடு அந்த அறிக்கை இன்னொன்றையும் சொன்னது: டயர்கள் ஒன்பது வருடப் பழசு. அவ்வளவு விலையுள்ள வண்டிக்கு டயர் வாங்கப் பணமில்லாமலா இருந்திருக்கும்? இந்த மாதிரி வண்டிகள் குறைவாக ஓடும். குறைவாக ஓடுவதால் டயர் புதிதாகத் தெரியும். அந்தத் தோற்றம்தான் ஏமாற்றுகிறது. அன்றைக்கே சென்னைக்குச் சொல்லி நாலு டயரும் மாற்றினேன். முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு. 1,72,000 ரூபாய். என் நோட்டில் நான் ஒருநாளும் வருத்தப்படாத ஒரே வரி அது. அந்தப் பையனுக்கு 500 ரூபாய் கொடுத்தேன். இன்னும் கொடுத்திருக்க வேண்டும்.

ஏழு மாதம் கழித்து, மரக்காணத்தைத் தாண்டி, உப்பளத்துக்கு நடுவில் சாலை நேராகக் கிடக்கும் இடம். 2020 பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை. எதிரே ஒன்றும் இல்லை. மிதித்தேன். முள் 150-ஐத் தொட்டது. என் உடம்புக்கு அது 70 மாதிரிதான் இருந்தது. ஆட்டம் இல்லை, இரைச்சல் இல்லை, கையில் நடுக்கம் இல்லை. இந்த வண்டிகளின் பெரிய ஆபத்தே இதுதான் என்று நினைக்கிறேன். வேகத்தை உடம்புக்குச் சொல்லாமல் மறைத்துவிடும். உப்பளத்து வேலைக்குப் போகும் ஒரு அம்மா, தலையில் சும்மாடு, கையில் தூக்குவாளி, இடதுபக்கம் பார்த்துவிட்டு, வலதுபக்கம் பார்த்துவிட்டு, சாலையில் இறங்கினார். அவர் என்னைப் பார்த்தார். வண்டி தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அத்தனை வருடமாக அவர் கண்ணுக்குப் பழகியது பஸ்ஸின் வேகம், லாரியின் வேகம். அந்தத் தூரத்தில் ஒரு பஸ் வந்தால் நிதானமாகக் கடந்துவிடலாம். அவருடைய கணக்கு சரி. நான்தான் அந்தக் கணக்குக்குள் அடங்காத வேகத்தில் வந்தேன். 150 என்றால் நொடிக்கு 41 மீட்டருக்கு மேல். பிரேக்கில் கால் போவதற்குள் ஒரு தெருவின் நீளம் ஓடிவிடும்.

நின்றது. ரப்பர் எரிந்த நாற்றத்தோடு, அவருக்கு ஐந்தாறு அடி முன்னால் நின்றது. தூக்குவாளியை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். ‘ஏம்ப்பா’ என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நடந்து போய்விட்டார். பழைய டயரோடு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஓரமாக நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்த வண்டியை 80-க்கு மேல் ஓட்டியதில்லை.

நான் மெதுவாகப் போனாலும் ஆபத்து பின்னால் வந்தது. காலாப்பட்டு, கோட்டக்குப்பம் பக்கம் இரண்டு பையன்கள் ஒரே பைக்கில், ஹெல்மெட் இல்லாமல், பின்னால் இருப்பவன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு துரத்துவார்கள். வண்டி சீறுவதைப் படம் எடுக்க வேண்டும். பக்கவாட்டில் வந்து ‘அண்ணா, ஒரு முறுக்கு முறுக்குங்கண்ணா’ என்று கத்துவார்கள். நான் முறுக்கினால் அவர்களும் முறுக்குவார்கள். அவர்கள் கீழே விழுந்தால், நான் தொடாவிட்டாலும், அந்தச் சாவில் எனக்குப் பங்கு உண்டு. இன்டிகேட்டர் போட்டு, ஓரமாக நிறுத்தி, அவர்கள் சலித்துப் போகும்வரை காத்திருப்பேன். வார இறுதிகளில் வெளியூரிலிருந்து கூட்டமாக வண்டி எடுத்துவந்து இந்தச் சாலையில் சீறவிடுகிறவர்களிடம் நான் கேட்பது இதைத்தான்: உங்கள் வண்டிக்கு நல்ல பிரேக் இருக்கிறது, ஏர்பேக் இருக்கிறது. உங்களைத் துரத்திவரும் பிள்ளைகளுக்கு ஒரு டி-ஷர்ட்தான் இருக்கிறது.

இனி உப்பு. கப்பலில் பாதி வேலை துருவோடுதான். சுரண்டு, பிரைமர் அடி, பெயிண்ட் அடி, மறுபடி சுரண்டு. கப்பலின் அடியில் துத்தநாகக் கட்டிகளை வைத்து, ‘என்னைத் தின்னு, இரும்பை விடு’ என்று கடலிடம் பேரம் பேசுவோம். ஆனால் கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் வீட்டில், அலுமினியத்தால் செய்த வண்டி என்ன ஆகும் என்பதை நான் யோசிக்கவில்லை. இன்ஜின் பின்பக்கம் இருக்கும் வண்டிகளில் ரேடியேட்டர்கள் முன்பக்க மூலைகளில் இருக்கும். காற்றுக்காக வைத்த அந்த இரண்டு வாயும் சாலையில் கிடக்கும் சருகையெல்லாம் விழுங்கும். எங்கள் வாசலில் பெரிய வேப்பமரம். வேப்பிலை, வேப்பம்பூ, புழுதி, மேலே உப்புக்காற்றின் ஈரம். நாலு வருடத்தில் உள்ளே எருக்குழியே உருவாகியிருந்தது. ஏசி குளிரவில்லை என்று பம்பரைக் கழற்றினால், கண்டென்சரின் மெல்லிய தகடுகள் கை பட்டதும் அப்பளம் மாதிரி நொறுங்கின. ரேடியேட்டர் இரண்டு, கண்டென்சர் இரண்டு, 1,90,000. வெறும் தண்ணீரும் பிரஷ்ஷும் வைத்து வருடத்துக்கு ஒரு தடவை சுத்தம் செய்திருந்தால் தள்ளிப் போட்டிருக்கலாம். பம்பரைக் கழற்ற வேண்டும் என்பதால் யாரும் செய்வதில்லை.

அதே வேப்பிலை இன்னொரு வேலையும் செய்தது. முன்கண்ணாடிக்குக் கீழேயும் மேற்கூரை ஓரத்திலும் மழைத்தண்ணீர் வடிய விரல் தடிமனில் துளைகள் உண்டு. சருகு அடைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். உள்ளே இறங்கினால் போகும் இடம், டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும் மின்னணுப் பெட்டி. சாவியை அடையாளம் கண்டு வண்டியைத் திறப்பது அதுதான். அது செத்தால் வண்டி உங்களை யாரென்று கேட்கும். 2022 ஐப்பசி மழையில் அது செத்தது. 1,40,000. இன்சூரன்ஸில் கேட்டேன். விபத்து இல்லை, பராமரிப்புக் குறை, தர முடியாது என்றார்கள். விதிப்படி அவர்கள் சொன்னது சரிதான்.

புதுச்சேரியில் இதற்கு ஆள் இல்லை. முத்தியால்பேட்டையில் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். எங்கள் வீட்டு மற்ற வண்டியெல்லாம் அவர் கைதான். காதால் கேட்டே எந்த டாப்பெட் தட்டுகிறது என்று சொல்லக்கூடியவர். இதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, ‘தம்பி, நான் தொடமாட்டேன். வேல தெரியாதுன்னு இல்ல. அதுக்கான ஸ்கேனர் எங்கிட்ட கெடையாது. கழட்டிட்டு மாட்ட முடியலன்னா ஒனக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்’ என்றார். அந்த நேர்மைக்கு நான் இன்றுவரை கடமைப்பட்டவன். ஒவ்வொரு தடவையும் ரெக்கவரி வண்டியில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். ஒரு நடைக்கு 11,000, ஐந்து வருடத்தில் ஏழு நடை. அங்கே ஸ்பேர் வரும்வரை வாரக்கணக்கில் நிற்கும். நான் அழைக்கும்போதெல்லாம் ‘கப்பல்ல வருது சார்’ என்பார்கள். கப்பலில் வேலை பார்த்த எனக்கு அது எவ்வளவு நாள் என்று தெரியும்.

ஓடாமல் நின்றாலும் செலவு நிற்காது. பேட்டரி இறங்கும், பிரேக் ஆயில் ஈரம் குடிக்கும், சீல் காயும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பழைய வண்டியின் ரப்பர் குழாய்கள் அதற்காகச் செய்தவை அல்ல. என்னுடையதைவிடப் பெரிய வண்டிகளில் இது இன்னும் கொடுமை. 1990-களின் ஃபெராரி எஃப் 355-இல் டைமிங் பெல்ட்டை மாற்ற இன்ஜினையே வெளியே இறக்க வேண்டும். சில வருடத்துக்கு ஒருமுறை, ஓடினாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி. புத்தம்புது வண்டியென்றால் தப்பித்துவிடலாம் என்றும் இல்லை. 2010-இல் ஃபெராரி 458 இத்தாலியாவில் சக்கர வளைவுக்குள் வெப்பத்தடுப்பை ஒட்டிய பசை சூடேறித் தீப்பிடிக்கிறது என்று 1,248 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். 2014-இல் போர்ஷே 911 ஜிடி3-இல் கனெக்டிங் ராடின் போல்ட் தளர்ந்து இன்ஜின் எரிந்தது. 785 வண்டிக்கு இன்ஜினையே மாற்றினார்கள். இவ்வளவு சூட்டை இவ்வளவு சின்ன இடத்தில் அடைத்தால் ஒரு பசையும் ஒரு போல்ட்டும் போதும். நான் கால் பக்கத்தில் ஒரு தீயணைப்பான் வைத்திருந்தேன்.

பதிவு பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் எங்கள் ஊர் பெயர் இதில் கெட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். புதுச்சேரியில் வரி வெகு குறைவு. அதனால் இங்கே குடியிருக்காதவர்கள் யாரோ ஒருவரின் வீட்டு முகவரியில் பி.ஒய். 01 எண் வாங்கிக்கொண்டு போனார்கள். இது புதிதும் அல்ல, 2017-லேயே கேரளாவில் இதற்காகப் பெரிய விசாரணை நடந்தது. சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. வண்டி எங்கே வழக்கமாக நிற்கிறதோ அங்கேதான் பதிவு. இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு. மிச்சம் பிடித்த வரி ஒருநாள் அபராதத்தோடும் வழக்கோடும் வரும். நான் இங்கேயே இருப்பவன் என்பதால் சென்னை எண்ணிலிருந்து என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று வாங்கி முறையாக மாற்றினேன். இரண்டு மாதம் அலைந்தேன்.

என் மனைவி இந்த ஐந்து வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். பிரேக் டிஸ்க்கும் பேடும் சேர்த்து 2,35,000 எழுதிய அன்று, நோட்டை எடுத்துப் பார்த்தாள். ‘மாடி எடுக்கலாம்னு சொல்லி மூணு வருஷம் ஆச்சுங்க’ என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. வீட்டுக்கு மேலே நாலு கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது. இப்போதும் நிற்கிறது.

கடலூர்க்காரர்களுக்குப் புயல் என்றால் ‘தானே’ புயல்தான். 2011 டிசம்பர் 30 காலை அது கரை கடந்தபோது லீவில் மஞ்சக்குப்பத்தில் இருந்தேன். அன்றைக்கு நான் கேட்ட காற்றின் சத்தத்தை நடுக்கடலில்கூட அதிகம் கேட்டதில்லை. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு கிடந்தன. எங்கள் தெருவில் ஒரு அம்பாசிடர் மேல் புளியமரம் விழுந்து, கூரை சீட்டைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. அந்தக் காட்சிதான் எனக்குள் புயலாக இருந்தது. அதனால் 2024 நவம்பர் 29 மாலை, ஃபெஞ்சல் புயல் வருகிறது என்றதும், வேப்பமரத்தடியில் நின்ற வண்டியை எடுத்துக்கொண்டு ரெயின்போ நகரில் மச்சான் வீட்டுக்குப் போனேன். கான்கிரீட் போட்ட ஷெட். அந்தப் பக்கம் மழைக்குத் தண்ணீர் நிற்கும் என்பது ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் ஷெட் தெருவைவிட இரண்டடி உயரம். 2021 மழையில்கூடத் தண்ணீர் அந்தப் படி ஏறவில்லை. பலகையைப் போட்டு மெதுவாக ஏற்றி, உறை போர்த்தி, சாவியை மச்சானிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

‘தானே’ காற்றாக வந்தது. ஃபெஞ்சல் தண்ணீராக வந்தது. 30-ஆம் தேதி இரவு கரையேறிய புயல் நகராமல் எங்கள் தலைக்கு மேலேயே நின்றது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. விடியற்காலை மூன்று மணிக்கு மச்சான் போன் செய்தான். ‘மாமா, தண்ணி ஷெட்டுக்குள்ள வந்துடுச்சு. ஸ்டார்ட் பண்ணி ரோட்டுக்கு எடுத்துடவா?’

‘தொடாத. கதவக்கூடத் தொறக்காத’ என்றேன். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் மேலே ஏற இடமிருக்காது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். அதுமட்டுமல்ல, தண்ணீருக்குள் நின்ற வண்டியை நாமே ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால், தனியாக இன்ஜின் பாதுகாப்பு எடுத்திருந்தால் ஒழிய இன்சூரன்ஸ் கிடையாது. எந்தக் காராக இருந்தாலும் இந்த ஒன்றை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்: தண்ணீரில் நின்ற வண்டியின் சாவியைத் திருப்பாதீர்கள்.

பகலில் கிருஷ்ணா நகர்ப் பக்கம் ராணுவம் படகில் ஆட்களை மீட்டுக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் வண்டியைப் பற்றி நினைக்கவே வெட்கமாக இருந்தது. இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய், முதலில் மச்சானின் பிள்ளைகளை மாடியில் பார்த்துவிட்டுத்தான் ஷெட்டுக்குப் போனேன். தண்ணீர் சீட்டுக்கு மேலே நின்றது. உறை மிதந்தது. லாஸ்பேட்டை மேடான பகுதி. திரும்பி வந்து பார்த்தால், வாசலில் வேப்பமரம் ஒரு கிளைகூட முறியாமல் நின்றிருந்தது.

இன்ஜின் தப்பித்தது. மற்றதெல்லாம் போயிற்று. வயரிங், மின்னணுப் பெட்டிகள், சீட் மோட்டார், ஏர்பேக் கட்டுப்பாடு. சென்னையில் போட்ட எஸ்டிமேட் 13,40,000. பாலிசியில் வண்டியின் மதிப்பு, ஐ.டி.வி. என்பார்களே, அது 15 லட்சம். இங்கேதான் நான் முதலில் சொன்ன இரண்டு கோடும் வந்து முட்டின. வண்டியின் மதிப்பு பழைய வண்டியின் மதிப்பு, எஸ்டிமேட் புது வண்டியின் ஸ்பேர் விலையில். பழுது செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ், அதாவது பழுது பார்க்காமல் முழு இழப்பாகக் கணக்கு வைப்பார்கள். எனக்கு அந்தக் கோடு 11,25,000. இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்த்தார், நல்ல மனிதர், பொறுமையாக விளக்கினார். பழுது பார்த்தே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தாலும், தேய்மானம் கழிக்காமல் ஸ்பேருக்கு முழு விலை தரும் ஜீரோ டெப் இவ்வளவு வயதான வண்டிக்குக் கிடையாது. பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி, ஏர்பேக் எல்லாவற்றிலும் பாதி விலையை நான்தான் போட வேண்டும். டோட்டல் லாஸுக்கே கையெழுத்துப் போட்டேன். கட்டாயப் பிடித்தம் 2,000 போக மீதியைத் தருவதாகச் சொன்னார்கள்.

அன்று இரவு நோட்டைக் கூட்டினேன். சர்வீஸ் 3,50,000. இன்சூரன்ஸ் பிரீமியம் 3,25,000. டயர், பிரேக், ரேடியேட்டர், ரெக்கவரி, பேட்டரி, அடிபட்டது, தண்ணீர் இறங்கியது. பெரிய செலவாக இருக்கும் என்று நான் பயந்த பெட்ரோல் 1,47,000-தான். மொத்தம் 19,75,000. வாங்கிய விலைக்கும் வந்த இழப்பீட்டுக்கும் நடுவில் போன 16 லட்சத்தையும் சேர்த்தால் 35,75,000. 11,400-ஆல் வகுத்தால், பைசாவை விட்டுவிட்டு, கிலோமீட்டருக்கு 313 ரூபாய். புதுச்சேரியிலிருந்து கடலூர் 22 கிலோமீட்டர். அம்மாவைப் பார்த்துவிட்டு வர ஒவ்வொரு தடவையும் 13,772 ரூபாய் செலவழித்திருக்கிறேன். அவளை ஒரு தடவைகூட அதில் ஏற்றியதில்லை.

ஆர்.சி. புக், பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, ஃபார்ம் 30, இரண்டு சாவி. இழப்பீடு தர இவ்வளவும் வேண்டும் என்றார்கள் இன்சூரன்ஸில். பொங்கல் முடிந்து பஸ் ஏறினேன். ஃபெஞ்சல் மழையில் பெண்ணையாற்றின் சாத்தனூர் அணையைத் திறந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. பெண்ணையாற்றுப் பாலத்தில் பஸ் மெதுவாகப் போனபோது, கரையோரத்து மரங்களில் ஆளுயரத்துக்கு மேலே வைக்கோலும் துணியும் சிக்கிக் காய்ந்து தொங்குவதைப் பார்த்தேன்.

அம்மா பீரோவைத் திறந்து எவர்சில்வர் டப்பாவை எடுத்தாள். வீட்டுப் பத்திரத்துக்கு மேலே, மஞ்சள் துணியில் முடிந்த சாவி. ‘பூஜ போட்டப்ப கட்டுனது. அவுக்கவே இல்ல’ என்றாள். முடிச்சு இறுகியிருந்தது, நகத்தால் நெம்பி அவிழ்க்க வேண்டியிருந்தது. உள்ளே சாவி ஒரு கீறல்கூட இல்லாமல், வந்த அன்று இருந்த மாதிரியே இருந்தது.

‘இதயும் குடுத்தாத்தான் காசு தருவாங்களா?’

‘ஆமாம்மா.’

‘சாவி வேணும்னா சாவியக் குடு. துணி எதுக்கு அவங்களுக்கு’ என்று அந்த மஞ்சள் துணியை வாங்கி, நீவி மடித்து, டப்பாவிலேயே வைத்து மூடினாள்.